செருப்பு அலமாரிக்குள் ஒரு சர்வர் ரூம்

கதவைத் திறக்கட்டுமா? மேல் தட்டில் செருப்பு, நடுத் தட்டில் குடை, கீழ்த் தட்டில் எங்கள் வீட்டு சர்வர்! இன்னும் கொஞ்சம் குனியுங்கள். கறுப்புப் பெட்டி, பின்னால் நீல நிற லேன் கேபிள், பக்கத்தில் ரவுட்டருக்கான குட்டி யுபிஎஸ். அவ்வளவுதான் ராஜ்ஜியம். அலமாரியின் முதுகுப் பலகையில் நாலு துளை போட்டது காற்று போகத்தான். சென்னை மே மாதத்தில் அது இல்லாமல் நடக்காது.

பெட்டி வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கு வழக்குப் பார்த்துக்கொண்டிருந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் இது. உள்ளே இருப்பது 2015-ல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5. இந்தத் தலைமுறை சிப்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது. அதனால் கம்பெனிகள் நல்லா ஓடுகிற மெஷின்களை லாட் லாட்டாகக் கழித்துக் கட்டுகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் திருவிழா! "மேலதான் சார் தூசி, உள்ள போர்டு பளபளன்னு இருக்கும்" என்றார் கடைத் தம்பி. அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஹீட்சிங்கைக் கழற்றுவது. சிப்பின் மேல் இருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால், அடியில் சிப்பின் பெயரும் வரிசை எண்ணும் மெல்ல எழுந்து வருகின்றன. அந்த நிமிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டாணி அளவு புதுப் பேஸ்ட், நாலு ஸ்க்ரூ, முடிந்தது. அதன் மேல் டெபியன் 13 லினக்ஸ். இந்தப் பதிப்பின் செல்லப்பெயர் 'ட்ரிக்ஸி'. 'டாய் ஸ்டோரி' படங்களில் வரும் நீல நிற டைனோசர் பொம்மையின் பெயர் அது; டெபியன் பதிப்புகள் எல்லாவற்றுக்கும் அந்தப் படங்களின் பாத்திரப் பெயர்கள்தான்!

இப்போது இந்த லேப்டாப் திரையைப் பாருங்கள். டிவி அணைந்திருக்கிறது, இல்லையா? ஆனால் சர்வரில் ஓடுகிற விளம்பரத் தடுப்பு மென்பொருளான பை-ஹோலின் பதிவில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஸ்டாண்ட்பையில் இருக்கும் டிவி, தன்னைத் தயாரித்த கம்பெனியின் முகவரிகளை விடாமல் விசாரிக்கிறது. வீட்டிலுள்ள எந்தக் கருவி எந்தத் தளத்துக்குப் போவதென்றாலும் முதலில் முகவரி கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி இந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. விளம்பரத் தளமா, உளவு பார்க்கிற தளமா? 0.0.0.0 என்று பதில் போகும். அப்படி ஓர் இடமே இல்லை, போய் வா! யூடியூப் விளம்பரங்கள் மட்டும் இதில் சிக்காது. அவை வீடியோ வருகிற அதே முகவரிகளிலிருந்து வருகின்றன.

அடுத்தது நான் யாரைப் பார்த்தாலும் காட்டுகிற பொக்கிஷம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகள், ரசீதுகள், கோயில் விழா மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பேப்பர்லெஸ் என்ற மென்பொருளில் போடுகிறேன். எழுத்தைப் படித்துத் தருவது டெஸராக்ட். 1980-களில் எச்பி ஆய்வகத்தில் பிறந்து, 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள், தமிழும் படிக்கும். ஒரு பத்திரிகையை இப்போது போடுகிறேன், கேளுங்கள்... விசிறி வேகம் எடுக்கிறது! சிப் எழுத்துக் கூட்டிப் படிக்கிற சத்தம் அது.

புதிய அச்சை மளமளவென்று வாசித்துவிடுகிறது. 1970-களின் பத்திரிகை வந்தால் திணறும். காரணம் அழகானது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு லை, ளை, ணை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த வடிவில் அச்சாகின. றா, ணா, னா சுழித்து ஒட்டிக்கொண்டு நின்றன. அந்த வடிவங்கள் வருகிற இடத்தில் 'மாலை' வேறு ஏதோவாக வந்து நிற்கிறது. நானும் அம்மாவும் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துகிறோம். "இது சித்தப்பா கல்யாணம்டா, மாடில பந்தல் போட்டாங்க" என்று அம்மா கதையோடு திருத்துவார். அதையும் குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன். இன்று தேடல் பெட்டியில் சித்தப்பா பெயரைத் தட்டினால் பத்திரிகை வருகிறது, பந்தல் கதையோடு!

இதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரே மாதிரி எழுதப்படுகிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ராத்திரி இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை தானாக எழுந்து, ஒவ்வொரு துண்டையும் வாசித்து, செக்சம் சரிதானா என்று பார்க்கும். ஒன்றில் பிசகு இருந்தால் மற்றதிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிடும். இன்னொரு பிரதி அக்கா வீட்டில். இது மட்டும் கட்டாயம். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் இருக்கும்வரை அது பேக்கப் ஆகாது.

கரண்ட் பில்லா? வாட் மீட்டர் 25 காட்டுகிறது. நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 36.

சரி, மொட்டை மாடிக்கு வாருங்கள்! தண்ணீர்த் தொட்டி மூடியின் அடியில் ஒட்டியிருக்கும் வட்டமான சென்சார், நம் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்புகிறது. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் எதிரொலி வர ஏறக்குறைய 6 மில்லி செகண்ட். அதை வைத்து ஒரு இஎஸ்பி8266 சில்லு மட்டத்தைக் கணக்கிட்டு, வைஃபையில் சர்வருக்குச் சொல்கிறது. ஒரு நுணுக்கம் உண்டு: ஒலியை அனுப்புவதும் கேட்பதும் ஒரே தகடு என்பதால், அனுப்பிய அதிர்வு அடங்குமுன் வருகிற எதிரொலி அதற்குக் கேட்காது. 20 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அளவு தாறுமாறாகும். அதற்காகத்தான் மூடியையே ஒரு பிவிசி வளையம் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

இதோ வரைபடம். காலை ஆறரை மணிச் சரிவு அப்பாவின் குளியல். இந்தப் பெரிய படிக்கட்டு வாஷிங் மெஷின். செங்குத்தாக ஏறுவது மோட்டார். இந்த ராத்திரி இரண்டு மணிப் பகுதியை மட்டும் கவனியுங்கள்: எல்லோரும் தூங்குகிறோம், கோடு மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறது. ஃப்ளஷ் டேங்கில் வாஷர் தேய்ந்திருந்தது! சத்தமே இல்லாத கசிவு. வரைபடம் பிடித்துக் கொடுத்தது. மறுநாள் வாஷர் மாற்றினோம், அன்றிரவுக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தமாதிரி நேராக நின்றது.

மோட்டாரைத் தானாக நிறுத்துவதுதான் அடுத்த வேலை. அதன் கரண்டைக் குட்டி ரிலே தாங்காது. கான்டாக்டர் வாங்கி வைத்தாயிற்று, எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நீங்களும் வாருங்கள், ஏணி பிடிக்க ஆள் வேண்டும்!