யோனிப் புற்றுநோயின் நான்கு நிலைகள்

சேலத்தினின்று ஏற்காட்டிற்கு ஏறும் மலைச்சாலையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள. அவற்றை எண்ணிச் செல்வோர் தாம் கடந்த வழியின் அளவை அறிவர். நோய்க்கும் அவ்வாறே அளவுண்டு. நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதியே மருத்துவன் தொழில் செய்தல் வேண்டுமெனத் திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்துட் பணித்தார். பெண்டிர்க்கு அரிதாக உண்டாகும் யோனிப் புற்றுநோயில் அவ்வளவு காணப்படுமாற்றை ஈண்டு உரைப்பாம். பேச நாணும் பொருளேயாயினும், நாணத்தால் உயிர் போதல் தகுமோ?

முதல் நிலையிற் கட்டி யோனியின் சுவரளவில் அடங்கியிருக்கும். இரண்டாம் நிலையில் அச்சுவரைக் கடந்து அடுத்துள்ள திசுக்களிற் பரவும்; இடுப்புக்கூட்டின் பக்கச்சுவரை எட்டாது. மூன்றாம் நிலையில் அப்பக்கச்சுவரையும் எட்டிவிடும். நான்காம் நிலையில் நீர்ப்பை அல்லது மலக்குடலின் உட்பரப்பினுட் புகும். அன்றி நுரையீரல், கல்லீரல், எலும்பு முதலிய சேய்மை உறுப்புகளை அடையும். கட்டி கருப்பையின் வாயையும் பற்றியிருப்பின், அதனைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றே மருத்துவர் வகுப்பர்.

இந்நிலைகளை நோக்கியே மருத்துவம் வகுக்கப்படும். முதல் நிலைச் சிறு கட்டியை அறுவையாலோ கதிர்மருத்துவத்தாலோ நீக்குதல் கூடும். அடுத்த நிலைகளிற் கதிர்மருத்துவத்தோடு மருந்தும் சேர்த்தளிப்பர். சேய்மை உறுப்புகளிற் பரவியபின், நோயை அடக்கி வலியைத் தணித்தலே பெரும்பாலும் இயலும்.

எம் மலையூரிற் காப்பித் தோட்டத்தில் உழைத்த மூதாட்டியொருவர், மாதவிடாய் நின்று பல்லாண்டு கழிந்தபின் தோன்றிய குருதிப்போக்கை ஓராண்டுக்காலம் மறைத்து வைத்தனர், மகளிடத்தும் உரைத்திலர். மலையிறங்கி மருத்துவரைக் கண்டஞான்று நோய் மூன்றாம் நிலையை எய்தியிருந்தது. "வலி இல்லையே, இதை யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன்" என்றனர் அவர். தொடக்கத்தில் வலியின்மையே இந்நோயின் வஞ்சகம். மாதவிடாய் நின்றபின் குருதி காணல், கணவனோடு கூடியபின் குருதி கசிதல், வழக்கத்திற்கு மாறான நீர்க்கசிவு ஆகியவை தோன்றின், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது பாப்பிலோமா என்னும் வைரசு. இளமையில் இடும் தடுப்பூசி அதனைத் தடுக்க வல்லது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் தோன்றியது. மருத்துவமனைகள் உள, அவற்றின் வாயிலை அடைதற்கு நாணமே தடையாய் நிற்கின்றது. ஆதலின் நண்பர்காள், விடுமுறையில் இல்லம் செல்லுங்கால் நம் தாய்மார்க்கும் தமக்கையர்க்கும் இச்செய்தியைத் தயங்காது எடுத்துரைப்போமாக.