படம் போட்டால் சோறு கிடைக்குமா?

பெற்றோர்களே, எஸ்.பி.எம். முடித்த உங்கள் பிள்ளை, "நான் வடிவமைப்புப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன கேட்பீர்கள்? "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்றுதான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலை நம் புக்கிட் ரோத்தான் வட்டாரத்துச் செம்பனைக் காட்டிலேயே தேடுவோம்.

வடிவமைப்பு என்பது வெறும் அலங்காரம் அன்று. ஒரு வேலையை யார் செய்கிறார், எங்கே உடம்பு வலிக்கிறது, எது வீணாகிறது என்று கவனித்து, அதற்கேற்ற கருவியையும் முறையையும் உண்டாக்குவதே வடிவமைப்பு.

நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவாயிற்று. அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா அருகே, தென்னமரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டு ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை அதை நட்டார். செம்பனை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரம். மரம் இங்கே வந்தது. அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் வண்டு கூடவே வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, மரம் மரமாக நடந்து பெண்பூக்களின் மேல் ஊதினார்கள். உங்கள் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். அந்த வேலை செய்தவர்கள் இருக்கக்கூடும்.

யூனிலிவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன், ஆப்பிரிக்காவின் கெமரூனில் யாரும் ஊதாமலே குலைகள் நன்றாகப் பிடிப்பதைக் கவனித்தார். பூவில் மொய்க்கும் சிறு வண்டுகளே காரணம் என்று சந்தேகித்தார். பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது ஆராய்ந்து அதை உறுதி செய்தார். மற்றப் பயிர்களை அது கெடுக்காது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூரில் அந்த வண்டை விட்டார்கள். அரிசி மணியை விடச் சிறிய வண்டு! வாடிய ஆண்பூவில் முட்டையிட்டுப் பெருகும். வாசனையை நாடிப் பெண்பூவுக்கும் போய், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிடும். இயந்திரம் இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை, புகையும் இல்லை. இயற்கையைக் கெடுக்காத முன்னேற்றம் என்று இன்று உலகம் பேசுவது இதைத்தான்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வண்டு வந்தது, பூவுக்கு ஊதும் வேலை நின்றது. ஒரு புதுமை வரும்போது, அதனால் கூலி இழப்பவருக்கு அடுத்த வேலை என்ன என்றும் சேர்த்து யோசிப்பதே முழுமையான வடிவமைப்பு.

அறுவடையைப் பாருங்கள். நீண்ட கழியின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து நின்று குலையை அறுக்கிறோம். கழுத்தும் தோளும் இரவெல்லாம் வலிக்கின்றன. மலேசியச் செம்பனை வாரியம் 'சந்தாஸ்' என்னும் மோட்டார் அரிவாளை உருவாக்கியுள்ளது. அது உயரம் குறைந்த மரங்களுக்கே ஏற்றது. நெடிய மரங்களுக்கு இன்னும் கழிதான். உதிரிப்பழம் பொறுக்குகிறவர் இன்னும் குனிந்துதான் பொறுக்குகிறார். ஆக, செய்யவேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது.

அதை யார் செய்வது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். குளிரூட்டிய அறையில் மட்டும் இருந்தவருக்குக் கழியின் கனம் எப்படித் தெரியும்? அப்பாவின் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்ட பிள்ளைக்குத் தெரியும். நம் பிள்ளைகளிடம் இருக்கும் இந்த அறிவை எந்தக் கல்லூரியும் விலைக்கு வாங்க முடியாது. அதோடு கணக்கும் அறிவியலும் வரைகலையும் சேர்ந்துவிட்டால் போதும்.

பாசிர் கூடாங்கிலுள்ள இப்ராகிம் சுல்தான் பாலிடெக்னிக்கில் வடிவமைப்புத் துறை இருக்கிறது. தகுதி, கட்டணம், உதவித்தொகை பற்றியெல்லாம் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் நேரில் சென்று கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். இன்று இரவு சாப்பிட்டு முடிந்ததும், வேலையில் எங்கே வலிக்கிறது, எந்தக் கருவி கைக்கு அடங்கவில்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். அவன் என்ன வரைகிறான், அவள் என்ன வரைகிறாள் என்று பொறுமையாகப் பாருங்கள். படம் போட்டால் சோறு கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை அந்தத் தாளில் இருந்தாலும் இருக்கும்.