அபெர்ச்சர் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ., அபெர்ச்சர் ஆகியவை கோப்புக்குள்ளேயே பதிவாகின்றன. 1995-இல் ஜப்பானில் உருவான எக்ஸிஃப் என்ற வரையறையின் ஏற்பாடு அது. மூன்று எண்களும் அருகருகே வருவதால் மூன்றையும் ஒரேயளவு நம்பிவிடுகிறோம். மேனுவல் லென்ஸ் மாட்டிய கேமராவில் அப்படி நம்ப முடியாது. ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் இயக்குவது கேமரா. அவற்றின் அளவு அதற்கு ஐயமின்றித் தெரியும். ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சரை நாம் லென்ஸின் வளையத்தைத் திருப்பி வைக்கிறோம். அதைத் தெரிவிக்க லென்ஸில் மின்தொடர்பு இல்லாதபோது, கேமரா எழுதும் எண் பெரும்பாலும் ஊகம்தான்.

அந்த ஊகம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு லைகா எம்9 நல்ல சான்று. 2009-இல் வந்த இந்தக் கேமராவின் முகப்பில் ஒரு சிறு ஒளி உணரி உண்டு. சுற்றிலும் உள்ள வெளிச்சத்தை அது அளக்க, லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கேமரா தனியாக அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் துவாரம் எவ்வளவு திறந்திருக்கும் என்று கணக்கிடுகிறது. எஃப்/2-இல் வைத்த லென்ஸின் முன்னால் ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் ஃபில்டரைப் பொருத்தினால் இந்தக் கணக்கு தவறிவிடும். குறைந்த ஒளிக்குக் காரணம் ஃபில்டர் என்று கேமராவுக்குத் தெரியாது. மூன்று ஸ்டாப் தள்ளி எஃப்/5.6 என்று எழுதிவிடலாம். கேமராவின் மேல் வெயில் விழ, எடுக்கப்படும் பொருள் நிழலில் இருந்தாலும் இதே கதைதான். விரல் அந்த உணரியை மறைத்தால் பிழை எதிர்த்திசையில் போகும்.

நிக்கானின் டி700, டி850 போன்றவற்றில் முறை வேறு. 1977-இல் அறிமுகமான ஏஐ வகை லென்ஸின் வளையம் எத்தனை ஸ்டாப் திரும்பியது என்பதைக் கேமரா ஒரு நெம்புகோல் மூலம் அறிகிறது. எண்ணத் தொடங்கும் அளவை, அதாவது லென்ஸின் மிகப் பெரிய துவாரத்தின் எண்ணை, நாம் மெனுவில் கொடுக்க வேண்டும். எஃப்/1.4 லென்ஸை மாட்டிவிட்டு முந்தைய லென்ஸின் எஃப்/2.8-ஐ மாற்றாமல் விட்டால், எஃப்/4-இல் எடுத்த படம் எஃப்/8 என்று பதிவாகும். இங்கே கருவி சரியாகத்தான் எண்ணுகிறது; பிழை நாம் கொடுத்த எண்ணில்.

படம் சரியாக வந்திருக்கிறதே, எண் தவறினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துவாரம் எவ்வளவு இருந்தாலும், லென்ஸ் வழியே உண்மையில் வரும் ஒளியை அளந்துதான் கேமரா ஷட்டர் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எனவே படத்தின் வெளிச்சம் கெடுவதில்லை. ஆனால் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்பவருக்கு அந்த எண்தான் பாடம். எஃப்/2-இல் கிடைத்த மங்கிய பின்னணியை எஃப்/5.6-இன் விளைவு என்று நம்பினால் அடுத்த படத்தில் ஏமாறுவார். பழைய லென்ஸ்களை ஒப்பிட்டு, எந்தத் துவாரத்தில் எது கூர்மை என்று தீர்ப்பு சொல்பவருக்கும் அடிப்படையே ஆட்டம் காணும். ஒன்றிரண்டு ஸ்டாப் பெரிய பிழையா என்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு வித்தியாசம்.

தெரியாத எண்ணைக் கேமராக்கள் வெறுமையாக விட வேண்டும். ஊகித்தால் ஊகம் என்று குறிக்க வேண்டும். அதுவரை, துவாரம் முக்கியமான படமென்றால், வளையத்தில் வைத்த எண்ணைப் படமெடுக்கும்போதே குறித்துவையுங்கள்.