வயசான எஞ்சினுக்கு எத்தனை சுற்று?



படகைக் கரையேற்றும் நேரத்தில் நம்ம ஊர்க் கடற்கரையில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "எஞ்சினுக்கு வயசாயிருச்சுப்பா, இழுக்க மாட்டேங்குது." அடுத்த பேச்சு, யாரிடம் கடன் கேட்கலாம் என்பதுதான். புது அவுட்போர்டு எஞ்சின் என்றால் சும்மாவா? வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கணும். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தடவை எரிபொருள் எரியும். 5000 சுற்று என்றால் ஒரு வினாடிக்கு 83 தடவை! முழு ஆக்சிலேட்டரில் எத்தனை முதல் எத்தனை வரை சுற்றணும் என்று எஞ்சினோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பலவற்றுக்கு அது 4500 முதல் 5500 வரை. உங்க எஞ்சினுக்கு உங்க கையேடுதான் கணக்கு, பக்கத்து வீட்டு எஞ்சின் இல்லை.

"முழுசாத் திருகினா முழுச் சுற்றும் வந்துடுமே?" என்று கேட்பீங்க. வராது. தண்ணீரைத் தள்ளும் விசிறி (புரொப்பெல்லர்) எவ்வளவு பாரம் கொடுக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் சுற்று நிற்கும். மேட்டில் டாப் கியரிலேயே பைக்கை முறுக்கிப் பாருங்க. உறுமும், நகராது. படகிலும் அதே கதைதான். சுற்று 4000-லேயே நின்றுவிட்டால் எஞ்சினின் முழுத் திறன் வெளியே வராது. எரிபொருள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே கரி படியும், பிஸ்டன் சூடேறும். நடுக்கடலில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்தப் பள்ளியில் படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

சுற்று அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் விசை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுற்று 10 சதவீதம் கூடினால் விசை 21 சதவீதம் கூடும். (இயற்பியல் பாடம் பரீட்சைக்கு மட்டும் இல்லை என்பது இதைக் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது.)

இனி விசிறிக்கு வருவோம். அதன் மேல் 9¼ × 9 என்பது போல எண் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச், இரண்டுமே அங்குலத்தில். மரத்தில் திருகாணி ஏறுவது போல, ஒரு சுற்றுக்கு விசிறி எவ்வளவு முன்னேறணுமோ அதுதான் பிட்ச். எஞ்சின் 5000 சுற்று சுற்றினால், கீழே உள்ள கியர் அதைச் சுமார் பாதியாக்கி விசிறிக்கு 2500 ஆகக் கொடுக்கும் என்று வையுங்க. 9 அங்குல பிட்ச்சில் நிமிடத்துக்கு 22,500 அங்குலம், அதாவது மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். தண்ணீர் மரம் இல்லையே, வழுக்கும். வலையும் ஐஸும் ஏற்றிய படகு இதைவிட ரொம்பக் குறைவாகத்தான் போகும்.

பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை கூடும். கூட்டினால் அதே அளவு குறையும். 11 பிட்ச்சில் 4200 சுற்றோடு திணறும் எஞ்சினுக்கு 9 பிட்ச் மாட்டினால் 4500-ஐத் தாண்டிவிடும். எங்க தெரு மாமா ஒருத்தர், "வேகம் வேணும்னு பெரிய பிட்ச் மாட்டினேன் மாப்ளே, இருந்த வேகமும் போச்சு" என்றார். நிறையப் பேர் செய்வது இதுதான். பாரம் ஏற்றும் படகுக்குச் சின்னப் பிட்ச்தான் பல சமயம் வேகமும் கொடுக்கும்.

சுற்றை எப்படி எண்ணுவது? கைப்பிடி வைத்த பழைய எஞ்சினில் மீட்டர் இருக்காது. பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன டாக்கோமீட்டர் தனியாகக் கிடைக்கும். சில இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பொறி வரும். அது தெரியாமல் மீட்டரை வைத்தால் இரண்டு மடங்கு காட்டும். 9000 காட்டுதேன்னு பயந்துடாதீங்க! அலை இல்லாத நேரத்தில், வழக்கமான ஆளும் வலையும் ஏற்றிக்கொண்டு, பெரியவர்கள் ஓட்ட, ஒரு நிமிடம் முழுசாகத் திருகிப் பார்த்தால் போதும். மிதவை அங்கி கட்டாயம். கரையில் ஸ்டாண்டில் மாட்டி முறுக்கிப் பார்க்கவே கூடாது. பாரம் இல்லாததால் சுற்று எகிறும், தண்ணீர் இல்லாததால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கையும் கருகிவிடும்.

சுற்று குறைவாக வந்தது என்று உடனே விசிறிக் கடைக்கு ஓடாதீங்க. முதலில் மெக்கானிக்கிடம் சொல்லிச் சிலிண்டர் அழுத்தம் பார்க்கணும். அது நன்றாக இருந்து, இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாகவும் இருந்தால் "வயசாயிருச்சு" என்ற பேச்சை அங்கேயே நிறுத்தலாம். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்க. ஒன்று மட்டும் ஈரமாக, கறுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முழுசாகத் திருகி, கார்புரேட்டர் கதவு முழுசாகத் திறக்கிறதா என்றும் பார்க்கணும். கேபிள் தளர்ந்திருந்தால் பாதிதான் திறக்கும். இதற்குச் செலவே இல்லை! படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலும் சுற்று இறங்கும். எஞ்சினை ரொம்பத் தாழ்வாக மாட்டியிருந்தாலும் இறங்கும். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டை, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருக்கணும். மேலே போனால் காற்றை இழுத்துக்கொண்டு சுற்று எகிறும்.

எஞ்சின் கத்துது, படகு நகரலை என்றால் விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறது. உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு போடுங்க. ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகு மாற்றுகிறோம். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்கணும். மறந்தால் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் போய்விடும். சுற்றை அளப்பதும் எஞ்சின் நன்றாகச் சூடேறி, தினமும் ஓடும் எரிபொருளில் ஓடும்போதுதான்.

உங்க வீட்டுப் படகின் விசிறியில் பொறித்திருக்கும் இரண்டு எண்ணையும், எஞ்சினின் குதிரைத்திறனையும் ஒரு சீட்டில் எழுதி 11-ஆம் வகுப்பு அறிவியல் பிரிவில் கொடுங்க. எல்லாவற்றையும் அட்டவணை போட்டு அடுத்த இதழில் ஒட்டுகிறோம்.