தம்பி காலேஜ் ஃபீஸ்: கட்டுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு

ஜூன் மாசச் சம்பளம் கிரெடிட் ஆன மறுநாளே அம்மாகிட்ட இருந்து போன் வரும். "தம்பிக்கு ஃபீஸ் கட்டச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. என்ன செய்ய?" வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கம் இருந்து சென்னைக்கும் கோவைக்கும் வேலைக்கு வந்தவங்களுக்கு இந்த போன் புதுசு இல்லை. பட்டாசு ஆலைக்குப் போற அப்பாவுக்கு மொத்தமா ஒரு தொகை கையில் வர்றது தீபாவளி போனஸ் சமயத்தில்தான். காலேஜ் கேட்கிறதோ ஜூன், ஜூலையில். நடுவில் விழுற பள்ளத்தை அடைக்கிறது உங்க சம்பளம்.

தாராளமா கட்டுங்க. கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: தம்பி அந்தக் காலேஜில் பிடிச்சு இருக்கானா, இல்லை வெளியே வர முடியாம இருக்கானா? இரண்டும் வெளியே இருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் தெரியும்.

தரம்னா எதைப் பார்க்கணும்?

சேவைத் தரத்தை அளக்க பரசுராமன், ஸைதம்ல், பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள் 1988-ல் 'செர்வ்குவால்' என்ற அளவுகோலைக் கொடுத்தாங்க. வங்கி மாதிரியான சேவைகளுக்காக வந்தது, பிறகு பல்கலைக்கழகங்களையும் அளக்கப் பயன்பட்டது. அதில் ஐந்து அம்சங்கள். நம்ம பாஷையில் சொன்னா இப்படி:

1. கண்ணுக்குத் தெரியுறது: லேப், லைப்ரரி, ஹாஸ்டல், பஸ்.
2. சொன்னதைச் செய்யுறது: அட்மிஷன்ல சொன்ன பாடம், சொன்ன ஆசிரியர், சொன்ன தேதியில் ரிசல்ட்.
3. கேட்டா உடனே கவனிக்கிறது: ஒரு போனஃபைட் சர்டிஃபிகேட்டுக்கு எத்தனை தடவை ஆபீஸுக்கு நடக்கணும்?
4. நம்பிக்கை: பாடம் நடத்துறவருக்கு அந்தப் பாடம் தெரியுமா?
5. அக்கறை: பையன் 2 வாரம் கிளாஸுக்கு வரலைன்னா யாராவது ஏன்னு கேட்கிறாங்களா?

பிராஸ்பெக்டஸில் பளபளன்னு தெரியுறது முதல் அம்சம் மட்டும்தான். மத்த நாலும் உள்ளே போன பிறகுதான் தெரியும்.

தரம் நல்லா இருந்தா திருப்தி, திருப்தி இருந்தா மாணவன் தொடர்வான். கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனா பிடிக்கலைன்னா மாறுற வழி இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஹோட்டல் பிடிக்கலைன்னா நாளைக்கு வேற ஹோட்டல். காலேஜில் அப்படியா? கட்டின ஃபீஸ், போகிற ஒரு வருஷம், ஊர் என்ன சொல்லும்ங்கிற பயம் எல்லாம் சேர்ந்து பையனைப் பிடிச்சு வைக்கும். அதனால "எங்க காலேஜில் யாரும் பாதியில் போறதில்லை"ன்னு சொன்னா அது தரத்துக்குச் சான்று ஆகாது.

வெளியே வர எவ்வளவு ஆகும்?

யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். வருஷ ஃபீஸ் 1,20,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அட்மிஷனுக்கு அறிவிச்ச கடைசித் தேதிதான் அளவுகோல்.

- அதுக்கு 15 நாளோ அதுக்கும் மேலோ முன்னாடி விலகினா 100%. செயலாக்கக் கட்டணமா 5% பிடிக்கலாம், ஆனா 5,000-க்கு மேல் கூடாது. கையில் வர்றது 1,15,000.
- 15 நாளுக்குள் முன்னாடின்னா 90%: 1,08,000.
- தேதி முடிஞ்சு 15 நாளுக்குள் 80%: 96,000.
- 16 முதல் 30 நாளுக்குள் 50%: 60,000.
- அதுக்கு அப்புறம் பூஜ்யம்.

சில வருஷங்களில் யுஜிசி இதைவிடச் சலுகையா தனித் தேதி அறிவிச்சிருக்கு. 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகையும் திருப்பித் தரச் சொன்னாங்க. அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்குங்க.

அதே 2018 அறிவிப்பில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கு. ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கணும், காலேஜ் வச்சுக்கக் கூடாது. நடக்கிற செமஸ்டர் அல்லது வருஷத்துக்கு மேல் முன்கூட்டியே ஃபீஸ் வாங்கக் கூடாது. "மீதி மூணு வருஷத்தையும் கட்டிட்டு டிசி வாங்கிக்கோ"ன்னு யாராவது சொன்னா, இந்த அறிவிப்பை பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போங்க.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

அந்த வழி இப்போ குறுகலா இருக்கு. சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் எதிர்த்தரப்பா இருந்த வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பு கொடுத்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. கையில் இருக்கிற நேரான வழி, யுஜிசியின் 2023 குறைதீர்ப்பு விதிமுறைகள். முதலில் காலேஜின் மாணவர் குறைதீர்ப்புக் குழு, அங்கே தீரலைன்னா பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சன். புகாரை எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்க.

சேரும் முன்னாடியே பார்க்க முடியுமா?

முடியும். கம்பெனிக்கு பேலன்ஸ் ஷீட் மாதிரி, காலேஜுக்கு என்ஐஆர்எஃப் தரவு. தரவரிசையில் கலந்துக்கிற நிறுவனங்கள் கொடுக்கிற விவரம் பொதுவெளியில் இருக்கு. நம்ம மாவட்டத்து உதாரணம் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம்: 1984-ல் பொறியியல் கல்லூரியா ஆரம்பிச்சு, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. அதுவோ வேற எதுவோ, ரேங்கைத் தாண்டி உள்ளே போய் இரண்டு எண்ணை எடுங்க: முதல் வருஷம் சேர்ந்தவங்க, குறிச்ச காலத்துக்குள் டிகிரி முடிச்சவங்க. இரண்டாவதை முதலாவதால் வகுங்க. நேரா இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தவங்களையும் முதல் எண்ணோடு கூட்டிக்குங்க. குறையுற பங்கில் பாதியில் போனவங்களும் இருப்பாங்க, அரியர் வச்சவங்களும் இருப்பாங்க. ரெண்டுமே உங்க பணம்தான். வேலை கிடைச்சவங்களோட மீடியன் சம்பளமும் அங்கேயே இருக்கும்.

உங்க வரிக் கணக்கு

தம்பிக்காக நீங்க உங்க பேரில் கல்விக் கடன் வாங்கினா, 80-ஈ பிரிவில் வட்டிக் கழிவு கிடைக்காது. அது தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்கு மட்டும்தான். 80-சி டியூஷன் ஃபீஸ் கழிவும் சொந்தப் பிள்ளைகளுக்குத்தான். கடன் தம்பி பேரில் இருந்தா, நாளைக்கு அவன் சம்பாதிச்சு வட்டி கட்டும்போது, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தா, 8 வருஷம் வரை கழிச்சுக்கலாம். அவசரத்துக்குப் பர்சனல் லோன் எடுத்தா இது எதுவுமே கிடையாது.

இரண்டாம் வருஷம் தாண்டிட்டானா? "இவ்வளவு கட்டிட்டோமே"ன்னு யோசிக்காதீங்க, போனது திரும்பாது. இனி கட்டப் போறதையும் டிகிரியால் வரப் போறதையும் மட்டும் ஒப்பிடுங்க. பெரும்பாலும் முடிக்கிறதே சரியா இருக்கும். அப்போ அந்தப் பணத்துக்கான தரத்தைக் கேட்டு வாங்குறதுதான் வேலை.

முதல் வருஷம்னா, கடைசித் தேதிக்கு அப்புறம் வர்ற 30 நாளை காலண்டரில் குறிச்சு வைங்க. அதுக்குள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு நீங்களே போன் பண்ணி, மேலே சொன்ன ஐந்தையும் ஒவ்வொண்ணா கேளுங்க. "நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சா விட்டுடாதீங்க. வீட்டில் படுற கஷ்டம் தெரிஞ்ச பிள்ளைங்க பிடிக்கலைன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க.