கிடங்கு எலிக்கு ஏர்கன் மருந்தாகுமா?

திருப்புட்குழி, பாலுசெட்டி சத்திரம், காஞ்சிபுரம் வட்டாரத்தில் மளிகையோ, தானியமோ, பட்டு நூலோ எந்தச் சரக்கைக் கையாளும் வணிகருக்கும் பொது எதிரி எலிதான். மூட்டையைக் கடித்து அரிசியைச் சிந்த வைப்பது ஒருபுறம். கஞ்சி போட்ட பாவைக் கடித்து நெசவாளியின் பல நாள் உழைப்பைப் பாழாக்குவது மறுபுறம். பரணில் கிடக்கும் பழைய ஏர்கன்னைத் தூசி தட்டி எடுத்தால் தொல்லை தீரும் என்று நினைக்கும் வணிகர்கள் உண்டு. புறாவுக்கும் குரங்குக்கும் அதே யோசனைதான். அது சரியாக வருமா என்பதை இங்கே பார்ப்போம்.

துப்பாக்கியின் நிலை

கோயில் திருவிழாக்களில் பலூன் சுடும் கடையில் நாம் எல்லோரும் பார்த்த துப்பாக்கிதான் இது. குழலை மடக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் அழுந்தி நிற்கும். விசையை இழுத்ததும் வில் விடுபட்டு, பிஸ்டன் காற்றை நெருக்க, அந்தக் காற்று ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அரை கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் விசை 10 ஜூல். பழைய துப்பாக்கியில் தோல் வாஷர் காய்ந்து, வில்லும் தளர்ந்திருக்கும். இந்த வேகம் வராது. அதைச் சரிசெய்கிறோம் என்று எண்ணெயை அதிகம் விட்டால், நெருக்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு வில்லே உடையலாம்.

எலியைத் துடிக்காமல் கொல்ல வேண்டுமானால் குண்டு படவேண்டிய இடம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான். இரவில், டார்ச் வெளிச்சத்தில், ஓடும் எலியின் மீது அது படுவது அரிது. அடிபட்ட எலி அடுக்கின் அடியில் போய்ச் செத்தால், நாற்றம் வந்த பிறகு நூறு மூட்டையைப் புரட்ட வேண்டியிருக்கும்.

பிபி கன் என்பது இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் ஊரில் காற்றாலை செய்த ஒரு கம்பெனி, 1880-களின் இறுதியில் விவசாயிகளுக்கு விற்பனைத் தூண்டுதலாகக் கொடுத்ததுதான் டெய்சி துப்பாக்கி. பின்னர் கம்பெனியின் பெயரே டெய்சி என்றானது. இன்றைய பிபி குண்டு எஃகினால் ஆனது. ஈயக் குண்டு சுவரில் பட்டால் நசுங்கும். எஃகுக் குண்டு தெறித்துத் திரும்பி வரும். இரும்பு ராக்கும் சிமெண்டுச் சுவரும் நிறைந்த கிடங்கில் அது சுட்டவரின் கண்ணையோ சுமைதூக்குபவரின் கண்ணையோ பதம் பார்க்கும்.

சரக்குக்கு வரும் கேடு

குறி தவறிய ஒவ்வொரு ஈயக் குண்டும் எங்கோ போய்ச் சேரத்தான் செய்கிறது. அரிசி மூட்டையிலோ பருப்பு மூட்டையிலோ போனால், அதைத் தேடி எடுக்க முடியாது. ஈயம் நஞ்சு, உணவுப் பொருளில் அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளில் வரம்பு உண்டு. பட்டுச் சேலைக் கட்டில் ஒரு குண்டு புகுந்தால் ஒரு சேலையோடு போகாது, மடிப்புதோறும் ஓட்டை விழும்.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் விசையுள்ள அல்லது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டமுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். எனவே பாயிண்ட் 22 எனப்படும் 5.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட பழைய துப்பாக்கி உங்கள் வீட்டில் இருந்தால், அதைத் தொடாமல் வைத்துவிட்டுக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ விசாரிப்பது நல்லது.

லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியானாலும் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காயப்படுத்துவதும் வேட்டையாகவே கருதப்படும். மயிலும் நாட்டுக் குரங்கும் முதல் அட்டவணையில் உள்ளன. எலி, காக்கை முதலியவற்றைத் தீங்குயிர் என்று வகைப்படுத்திய ஐந்தாம் அட்டவணை 2022 திருத்தத்தால் நீக்கப்பட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அக்கம்பக்கத்தார் மீது குண்டு பட்டால் அது தனி வழக்கு.

பறவைக்குப் பேர்போன மண்

நமது ஊரின் பெயரே புள் குழி என்பதிலிருந்து வந்தது. இராமபிரான் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதீகம். விஜயராகவப் பெருமாள் கோயிலின் தீர்த்தத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த வேடந்தாங்கலில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் அளித்தார். ஊராருக்கு அதில் கணக்கும் இருந்தது: பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாயிற்று. அண்மையில், 2021 மார்ச்சில், அருணாசலப் பிரதேசத்தில் ஏர்கன்களை மக்களே அரசிடம் ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. அங்கு வேட்டையால் காட்டில் பறவைகள் குறைந்ததே அதற்குக் காரணம்.

எலிக்கு என்ன வழி?

எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றில் ஏழெட்டு. இரவுக்கு ஒன்றாகச் சுட்டாலும் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. வாசலை அடைப்பதே வழி. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே நுழைந்துவிடும். ஆகவே:

கதவின் அடியில் தகரம் அடியுங்கள். சாளரத்துக்கும் சாக்கடை வாய்க்கும் நெருக்கமான கம்பி வலை போடுங்கள்.

மூட்டைகளை மரத்தட்டின் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள். சுற்றி நடக்க வழி இருந்தால் எலிக்கு ஒளியிடம் இல்லை.

சிந்தியதை அன்றாடம் கூட்டுங்கள். சுவரோரத்தில் எலிப்பொறி வையுங்கள்.

புறா நுழையும் இடத்தில் வலை கட்டுங்கள். குரங்குத் தொல்லைக்கு வனத்துறையை அணுகுங்கள்.

மருந்து வைப்பதானால் முறையாக லைசென்ஸ் பெற்றவரைக் கொண்டு செய்யுங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க வேண்டாம்.

கம்பி வலைக்கும் தகரத்துக்கும் ஆகும் செலவு ஒருமுறைச் செலவு. வருஷத்தில் எலி தின்ற, கெடுத்த சரக்கின் மதிப்பை ஒரு நோட்டில் குறித்து வைத்து, இந்தச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.