உஷார்! நாள்பட நின்ற ஸ்போர்ட்ஸ் காரை ஹைவேயில் மிதித்துப் பார்க்காதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதை உடனே படியுங்கள். தோல் ஏற்றுமதிக் குடும்பங்களில் இப்படிப்பட்ட வண்டிகள் மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், கவர் போட்டபடியே நிற்கின்றன. அப்பா வெளிநாட்டில் வியாபாரத்தில் இருப்பார், பையன் படிக்கப் போயிருப்பான். கல்யாணத்துக்கோ ரம்ஜானுக்கோ ஊர் திரும்பியதும் புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்வார்கள். இன்ஜின் பிடித்துக்கொள்ளும், ஆனால் வண்டி இழுக்காது. மிதித்தால் திணறும், மிஸ்ஸிங் அடிக்கும். உடனே பக்கத்தில் நிற்பவர் ஒரு வைத்தியம் சொல்வார்: "ஹைவேல ஏத்தி நல்லா ஒரு மிதி மிதிங்க பாய், அடைப்பெல்லாம் தானா போயிடும்."

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளும் ஆம்னி பஸ்களும் இரவு பகலாக ஓடுகின்றன. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வேகம் எடுக்கும் இடத்தில், பின்னால் லோடு லாரி வரும்போது உங்கள் வண்டி திடீரென்று சக்தி இழந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அது உயிருக்கு ஆபத்து. இன்ஜினுக்கு வரும் ஆபத்து இன்னொன்று. சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு சூட்டில் உருகி வழியை அடைத்துவிடும். புகை வெளியேற இடமில்லாத இன்ஜினுக்கு மிச்சமிருந்த சக்தியும் போய்விடும். டேங்க் கழுவினால் தீர்ந்திருக்க வேண்டிய கோளாறு லட்சங்களில் போய் நிற்கும். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது இந்த ஆபத்தைத்தான் சொல்கிறது. அந்த நொடியே காலை எடுங்கள்.

முதல் சந்தேகம் பெட்ரோல் மேல்தான் வர வேண்டும். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி காலியான டேங்கோடு வண்டி ஒரு மழைக்காலத்தைக் கடந்தால், தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரியும். இந்தக் கலவை கனமானது என்பதால் டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே மிதக்கும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து கிடக்கும். அதிக கம்ப்ரஷனில், டர்போவோடு ஓடும் ஸ்போர்ட்ஸ் இன்ஜினுக்கு இரண்டுமே விஷம். இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூர்க் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தகர ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியின் பெட்ரோலில், எளிதில் தீப்பிடிக்கும் லேசான பகுதி முதலில் ஆவியாகும். மிச்சம் பிசினாக மாறி இன்ஜெக்டர் துளைகளில் படியும்.

எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதும் தப்பு. 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப சரிசெய்த பழைய கார்களில் 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றுதான் 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை சொன்னது. பாதி சக்தி காணாமல் போனால் அதற்குக் காரணம் வேறு. அதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

சோதனை எளிது. டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலை, சுத்தமான கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, அடுப்பும் சிகரெட்டும் இல்லாத திறந்த வெளியில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவே கோடு கிழித்த மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுவதையும் காலி செய்ய வேண்டும், புது பெட்ரோலை மேலே ஊற்றிச் சமாளிக்க முடியாது. அடுக்கு பிரியாவிட்டாலும் நிறம் கறுத்து வார்னிஷ் வாடை அடித்தால் அதுவும் கழிவுதான். டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆஸ்பத்திரிதான், உயிரே போகலாம். கை பம்ப் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்து பெட்ரோல் பிரஷர். ஐடிலில் கேஜ் முள் சரியாக நிற்பதைப் பார்த்து "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். லோடு கொடுக்கும்போது முள் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். சரிந்தால் டேங்குக்குள் இருக்கும் சல்லடையோ ஃபில்டரோ அடைத்திருக்கும், அல்லது பம்ப் தளர்ந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: நேரடி இன்ஜெக்ஷன் உள்ள கார்களில் உயர் அழுத்தக் குழாயில் 100 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். அந்த நட்டைச் சும்மா தளர்த்தினால் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முறையாகப் பிரஷரை இறக்கத் தெரிந்தவர் மட்டுமே அதில் கைவைக்கலாம்.

இனி சொல்வது தோல் தொழில் நடக்கும் ஊருக்கென்றே உள்ளது. தோலிலிருந்து முடி நீக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். கழிவுநீரிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் இந்த வாயு, காரின் வயரிங்கில் இருக்கும் செம்பையும் வெள்ளிப் பூச்சையும் விடாது. தோல் ஷாப்பை ஒட்டிய ஷெட்டில் வருடக்கணக்கில் நின்ற வண்டியின் சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்கள் கறுத்திருந்தால் சென்சார் அனுப்பும் சிக்னல் தவறாகப் போகும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும், அல்லது பாதுகாப்புக்காக இன்ஜினைக் குறைந்த சக்தியில் மட்டும் ஓடும் லிம்ப் மோடில் கட்டிப்போடும். ஸ்கேனரில் பி0171 என்று வந்தால் பெட்ரோலின் அளவுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்று பொருள். காற்றை அளக்கும் சென்சார்தான் கெட்டது என்று அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் க்ளீனர் அடித்து, காய விட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், அப்புறம் இன்னும் சீக்கிரம் கெடும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. குடோன் பக்கத்து எலிகள் பஞ்சும் வைக்கோலும் கொண்டுவந்து அங்கேதான் கூடு கட்டும், வயரையும் கடிக்கும். இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையா? பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். மெதுவாகக் கொஞ்சம் தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். நான்கில் ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் காலிப்பர் விடவில்லை. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எத்தனாலில் ஊறி வெடித்திருக்கவும் கூடும். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொட வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், கன்வெர்ட்டரும் அப்போது சூடேறியிருக்காது. வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் கால் நகராது. வண்டியை வெளியே தள்ளிக் கொண்டுவந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதற்கு மேலும் ரோட்டில் வண்டி நின்றுவிட்டால், காய்ந்த புல் மேல் ஓரங்கட்டாதீர்கள், கொதிக்கும் கன்வெர்ட்டர் புல்லில் தீ வைத்துவிடும். ஹஜார்டு விளக்கைப் போட்டு, எல்லோரும் தடுப்புக்கு வெளியே போய் நில்லுங்கள். ரெக்கவரிக்கு போன் செய்யும்போது முழு வண்டியையும் ஏற்றும் ஃப்ளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் காரை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால் கியர்பாக்ஸ் போய்விடும்.